மான்ஸ்டெராவைப் பழத்துக்காக வளர்ப்பது எப்படி?

மான்ஸ்டெரா டெலிசியோசா ஒரு பழக்கொடி. நம் பக்கத்தில் வரவேற்பறைத் தொட்டியில் நிற்கிற அழகுச் செடியாகத்தான் அதைப் பார்க்கிறோம். தாயகமான தெற்கு மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் அதன் பழத்தைச் சாப்பிடுகிறார்கள். போர்ச்சுகலைச் சேர்ந்த மடெய்ரா தீவில், ஃபுஞ்சால் சந்தையின் பழக்கடைகளில் அது விற்பனைக்கு இருக்கும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, அமெரிக்காவின் ஃபுளோரிடா ஆகிய இடங்களில் வீட்டுத் தோட்டங்களிலேயே காய்க்கிறது. நன்கு பழுத்த சுளையில் அன்னாசியும் வாழையும் கலந்த சுவை இருக்கும். சிலருக்குப் பலாப்பழ வாசமும் தெரியும். இந்தியாவுக்கு இந்தக் கொடி 19ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. ஆனால் இலைக்காக மட்டும் வளர்த்ததால் பழத்தைப் பற்றிய பேச்சே இங்கே எழவில்லை.

நடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய எச்சரிக்கை ஒன்று உண்டு. இது சேனை, கருணை, சேம்பு ஆகியவற்றின் குடும்பத்துச் செடி. இலை, தண்டு, வேர், பழுக்காத காய் எல்லாவற்றிலும் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் நிறைந்திருக்கும். பழுக்காத காயைக் கடித்தால் அந்த ஊசிகள் நாக்கிலும் தொண்டையிலும் குத்தி எரிச்சலும் வீக்கமும் வரும். சேனையைப் புளி ஊற்றி வேகவைத்து அரிப்பைப் போக்குகிற சமையலறைக் கணக்கு இந்தக் காய்க்குச் செல்லாது. பச்சைக் காயைச் சமைத்துப் பார்க்கவே கூடாது. தானாகப் பழுத்து, தானாகத் தோல் கழன்ற பகுதி மட்டும்தான் உணவு.

சரியான செடிதானா என்று பார்ப்பது அடுத்த வேலை. நர்சரிகளில் ‘மான்ஸ்டெரா’ என்ற பெயரில் பல செடிகள் விற்கப்படுகின்றன. ‘மினி மான்ஸ்டெரா’ என்பது ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா என்ற வேறு இனம். இலை நடுவில் ஓட்டைகள் மட்டும் இருந்து, விளிம்பு பிளவுபடாத சிறு கொடி மான்ஸ்டெரா அடன்சோனி. தரையில் குத்தாக நின்று, ஆழமாகப் பிளந்த இலைகளை விரிக்கும் செலோம் பிலோடென்ட்ரான் இன்னொன்று. மரத்தில் ஏறிப் பெருத்த மணி பிளாண்ட் கூட இலை கிழிந்து மான்ஸ்டெரா போலத் தோன்றும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் ராஃபிடோஃபோரா பெர்டூசாவின் இலையிலும் ஓட்டைகள் உண்டு. இவை எதன் காயையும் தின்னக் கூடாது. டெலிசியோசாவை அடையாளம் காண இலைக்காம்பின் மேல்முனையைப் பாருங்கள். முதிர்ந்த செடியில், காம்பு இலைப்பரப்போடு சேருகிற இடத்தில் சுருக்கம் விழுந்து அலையலையான விளிம்பு தெரியும். இலையின் நடுநரம்பை ஒட்டிச் சிறு துளைகளும் வரிசையாக இருக்கும். கைக்குழந்தை அளவு இளஞ்செடியில் இவை எதுவும் தெரியாது. அதனால் தாய்ச்செடியைப் பார்த்து வாங்குவதே நல்லது.

இனி முக்கியமான விஷயம். மான்ஸ்டெரா பூப்பது உரத்தைப் பொறுத்தும் இல்லை, தொட்டியின் வயதைப் பொறுத்தும் இல்லை. கொடி ‘பெரிய ஆள்’ ஆனதா என்பதைப் பொறுத்தது. காட்டில் இதன் நாற்று முதலில் தரையில் ஊர்ந்து இருட்டை நோக்கிப் போகும். மான்ஸ்டெரா கொடிகளின் இந்தப் பழக்கத்தை ஸ்ட்ராங், ரே என்ற இரு ஆய்வாளர்கள் 1975இல் விளக்கினார்கள். காட்டில் பெரிய இருட்டு என்பது பெரும்பாலும் பருத்த மரத்தின் அடி. ஆகவே இருட்டைத் தேடிப் போகிற நாற்றுக்கு ஏறுவதற்கு மரம் கிடைக்கிறது. மரத்தைப் பிடித்ததும் போக்கு மாறி வெளிச்சத்தை நோக்கி ஏறத் தொடங்கும். ஏற ஏறத் தண்டு பருக்கும், கணுக்கள் நெருங்கும், இலை பெரிதாகிப் பிளவும் துளையும் கூடும். தண்டு நன்றாகப் பருத்து, இலைகள் பெரிதாக நீண்ட பிறகே பூமொட்டு வரும். வீட்டுக்குள் சிறு தொட்டியில், குச்சியில் கட்டிய செடி பத்து ஆண்டு இருந்தும் பூக்காமல் போவதற்கு இதுவே காரணம். அது இன்னும் இளமைப் பருவத்தைத் தாண்டவில்லை. பழம் வேண்டுமென்றால் ஏற இடம், பரந்த வேர்ப்பகுதி, நல்ல வெளிச்சம் மூன்றும் வேண்டும்.

இதனால்தான் கன்று தேர்வில் கொஞ்சம் அலைந்து திரிவது வீண்போகாது. ஏற்கெனவே பூத்த கொடியின் தலைப்பகுதியை வெட்டி நட்டால் 2 முதல் 4 ஆண்டுகளில் பூப்பதை எதிர்பார்க்கலாம். விதைக்கன்றுக்கும், நர்சரியில் கிடைக்கும் சிறு இளங்கன்றுக்கும் அதைவிட அதிக காலம் ஆகும். வெட்டும்போது 3 கணுக்களும் குறைந்தது ஒரு விழுதும் உள்ள 45 முதல் 60 செ.மீ. துண்டாக எடுங்கள். கையுறை கட்டாயம், சாறு தோலில் பட்டால் அரிக்கும். வெட்டுவாயை ஒரு நாள் நிழலில் காயவிட்டு நடுவது அழுகலைக் குறைக்கும். பெரிய இலைகள் இரண்டுக்கு மேல் இருந்தால் மிச்சத்தை நீக்கிவிடலாம். வேர் இல்லாத துண்டால் அத்தனை இலைக்கும் நீர் தர முடியாது. வெட்டத் தயக்கமாக இருந்தால் விண்பதியம் போடலாம். விழுது உள்ள கணுவைச் சுற்றி ஈரத் தேங்காய் நார்க்கழிவை வைத்து பாலித்தீனால் கட்டி, வேர் நிறைந்து தெரிந்தபின் அதற்குக் கீழே வெட்டுங்கள். வெப்பமான மாதங்களில் இரண்டு மாதத்துக்குள் வேர் பிடித்துவிடும். இளம் தண்டை விடப் பருத்த தண்டுக்கு இந்த முறையே பாதுகாப்பானது.

நடும் இடம் அரைநிழலாக இருக்கட்டும். காலை வெயில் படலாம். மதியத்துக்கு மேல் நேரடி வெயில் பட்டால் இலையில் பழுப்புத் திட்டுகள் காய்ந்து விழும். முழு நிழலோ வேறு வகைத் தொல்லை: செடி சாகாது, ஆனால் இலை பிளவுபடாமல் சிறுத்து, பூ வராது. 50 சதவீத நிழல் வலை ஏறக்குறைய சரியான வெளிச்சம் தரும். இதமான வெப்பநிலை 20 முதல் 30 டிகிரி செல்சியஸ். 10 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். உறைபனி இலையைக் கருக்கிவிடும், நீடித்தால் தண்டையும் கொல்லும். கன்னியாகுமரி மாவட்டம், மங்குஸ்தான் விளைகிற நீலகிரியின் கல்லாறு–பர்லியார் சரிவு, இலங்கையின் ஈர வலயம் போன்ற இடங்களின் காற்று ஈரம் இதற்குப் பிடித்தது. சென்னை, மதுரை போன்ற சமவெளிகளில் வளர்க்கலாம், ஆனால் ஏப்ரல், மே மாத உலர்ந்த காற்றில் இருந்து மறைப்பு தர வேண்டும். உதகை உயரத்தில் குளிர்காலப் பனி இதற்கு எதிரி.

ஏறுவதற்கு மரம் இருந்தால் அதைவிட நல்ல தாங்கி இல்லை. பலா, மா, சில்வர் ஓக் என்று பட்டை சொரசொரப்பான எதுவும் ஆகும். மிளகுக் கொடியை மரத்தின் வடக்குப் பக்கத்தில் நடுகிற வழக்கத்தையே இங்கும் பின்பற்றுங்கள். தெற்கு, மேற்கு வெயிலில் இருந்து மரமே காக்கும். ஆள் ஏறிக் காய் பறிக்கிற தென்னையைத் தவிர்ப்பது நல்லது, தண்டை மூடிவிட்டால் ஏறுகிறவருக்கு ஆபத்து. மரத்தடியில் இருந்து 45 செ.மீ. தள்ளி, இரண்டடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, தோட்டமண் 2 பங்கு, மக்கிய தொழு உரம் 1 பங்கு, நார்க்கழிவு அல்லது ஆற்றுமணல் 1 பங்கு கலந்து நிரப்புங்கள். நுனியை மரத்தின் பக்கம் சாய்த்து நட்டு, சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டுங்கள். மரம் இல்லாத இடத்தில் சுவர் போதும். அல்லது 15 செ.மீ. பருமனுள்ள மரக்கம்பத்தில் தேங்காய் நார்க்கயிறு சுற்றி, இரண்டடி ஆழம் புதைத்து நிறுத்துங்கள். கடைகளில் விற்கும் மெல்லிய பாசிக்குச்சி முதிர்ந்த கொடியின் எடையைத் தாங்காது, சில ஆண்டுகளில் சரியும்.

விழுதுகளை வெட்டாதீர்கள். பார்க்க ஒழுங்கற்றுத் தெரிகிறது என்று பலரும் கத்தரித்துவிடுகிறார்கள். மரத்தைப் பிடிக்கும் விழுது ஒரு வகை, கீழே இறங்கி மண்ணைத் தேடும் விழுது இன்னொரு வகை. இரண்டாவது வகைதான் மேல் இலைகளுக்கும் காய்க்கும் நீர் அனுப்பும் குழாய். அவை தரையைத் தொடும் இடத்தில் இலைச்சருகு மூடாக்குப் போட்டு வையுங்கள்.

தொட்டியில் பழம் எடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு: முடியும், ஆனால் கடினம். பாதியாக வெட்டிய 200 லிட்டர் நீல டிரம் அளவாவது வேண்டும். மொட்டைமாடியில் நிழல் வலைக்குக் கீழே, கனமான கம்பத்தோடு வைக்க வேண்டும். வீட்டுக்குள் கிடைக்கும் வெளிச்சத்தில் பூப்பது அபூர்வம்.

பராமரிப்பு எளிது. தரையில் உள்ள செடிக்கு மழையில்லாத நாட்களில் வாரம் இரண்டு முறை ஆழமாக நீர் விடுங்கள். தொட்டியில் மேல்மண் 5 செ.மீ. காய்ந்தபின் விடுங்கள். வேர்ப்பகுதி எப்போதும் சேறாக இருந்தால் வேர் அழுகி, அடியிலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மஞ்சளாகும். மஞ்சள் இலையைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்றுவதால்தான் பெரும்பாலான செடிகள் போகின்றன. முதலில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். நரம்பு மட்டும் பச்சையாக இருந்து இடைப்பகுதி வெளுத்தால் அது வேறு கதை, இரும்புச்சத்துக் குறை. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் பாயும் தோட்டங்களில் இது அடிக்கடி வரும். தொழு உரத்தைக் கூட்டி, இலைவழி இரும்புச்சத்து தெளிப்பு கொடுத்தால் புது இலைகள் பச்சையாக வரும்.

உரமாக ஆண்டுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் 5 கிலோ மக்கிய தொழு உரம் போதும். தழைச்சத்தை மட்டும் அள்ளிப் போட்டால் கொடி இலையாகவே தள்ளும், அதனால் யூரியா பக்கம் போக வேண்டியதில்லை. மாவுப்பூச்சியும் செதில்பூச்சியும் இலையடியிலும் பூக்காம்பின் இடுக்கிலும் ஒளியும். எறும்பு வரிசை தெரிந்தால் அங்கே தேடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும்.

உயரம் மிஞ்சுகிறது என்று உச்சியை வெட்டுவதில் கவனம் தேவை. பூக்கள் உச்சிப்பகுதியை ஒட்டித்தான் வரும். வெட்டினால் அந்தப் பருவத்துப் பூ போகும். கீழ்க்கணுவில் இருந்து வரும் புதுத்தண்டும் முதலில் மெலிந்தே வரும், மறுபடி பருக்கக் காலம் எடுக்கும். 3 மீட்டருக்கு மேல் போனால் உச்சியைப் பக்கவாட்டில் வளைத்துக் கட்டுவது மேல்.

பூமொட்டு முதலில் சுருண்ட புது இலை போலவே இருக்கும், கொஞ்சம் பருத்து வெளிறிய நிறத்தில். அது படகு போல விரிகிற வெண்மஞ்சள் மடலாகத் திறக்கும். நடுவில் நிற்கும் கதிர் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். ஒவ்வொரு பூவிலும் ஆண் பகுதியும் பெண் பகுதியும் உண்டு. கை மகரந்தச் சேர்க்கை செய்யாமலேயே தோட்டங்களில் காய் உருவாகிறது. பெரும்பாலான பழங்களில் விதை இருக்காது. சில நாட்களில் மடல் காய்ந்து விழும். கதிர் மட்டும் பச்சையாக நின்று மெல்லப் பருக்கும்.

இங்கேதான் பொறுமை வேண்டும். பூ விரிந்ததில் இருந்து காய் முதிர 12 முதல் 14 மாதங்கள் ஆகும். 20 முதல் 30 செ.மீ. நீளத்தில், அறுகோணச் செதில்கள் போர்த்திய மக்காச்சோளக் கதிர் போல அது அசையாமல் நிற்கும். மாதக்கணக்கில் எந்த மாற்றமும் கண்ணுக்குத் தெரியாது. அடுத்த பருவத்துப் பூவும் பக்கத்திலேயே வந்துவிடும். அதனால் எது பழைய காய், எது புதிய காய் என்று குழம்பாமல் இருக்க, மடல் விரிந்த மாதத்தை ஓர் அட்டையில் எழுதிக் காம்பில் கட்டிவிடுங்கள். காய் இருக்கும் காலத்தில் கொடியை வாடவிடக் கூடாது. அதை ஒட்டிய பச்சை இலைகளையும் வெட்டக் கூடாது, காய்க்குச் சர்க்கரை அனுப்புவது அவைதான்.

பறிக்கும் நேரத்தைத் தவறவிடுவதே புதியவர்கள் அதிகம் சந்திக்கும் ஏமாற்றம். பத்தாம் மாதத்தில் அளவு முழுமையாகத் தெரிகிறது என்று பறித்தால் காய் பழுக்காமலே சுருங்கி அழுகும். காய் தயாரானதற்கு அடையாளம் காம்புப் பக்கத்தில் தெரியும். அங்கே உள்ள செதில்களின் இடையில் மெல்லிய இடைவெளி விடும், கரும்பச்சை வெளுத்து இளமஞ்சள் கோடுகள் தோன்றும். முதல் சில செதில்கள் விரல் பட்டாலே உதிரும். அந்த நாளில், 5 செ.மீ. காம்போடு வெட்டி எடுங்கள். இன்னும் சில நாள் கொடியிலேயே விட்டால் எறும்பும் அணிலும் எலியும் முந்திக்கொள்ளும். முன்கூட்டியே நைலான் வலைப்பை கட்டுவது நல்லது.

வெட்டிய காயைக் காம்பு கீழே இருக்கும்படி உயரமான டம்ளரில் நிறுத்தி, காகிதப் பையால் மூடிச் சமையலறை ஓரத்தில் வையுங்கள். காய் வெளியிடும், பழுக்கத் தூண்டும் எத்திலீன் வாயுவைப் பை கொஞ்சம் தக்கவைக்கும். அரிசிப் பானைக்குள் புதைக்கிற வழக்கத்தை இதில் செய்ய வேண்டாம். உதிரும் செதில்களில் ஊசிப் படிகங்கள் உண்டு, அவை அரிசியோடு கலந்துவிடும். கார்பைடு கல்லையும் தொட வேண்டாம், அது இந்தியாவில் தடை செய்யப்பட்ட முறை.

பழுப்பது காம்புப் பக்கத்தில் தொடங்கி நுனி நோக்கி, நாளுக்குச் சில செ.மீ. வீதம் நகரும். முழுப் பழமும் முடிய சுமார் 5, 6 நாள் ஆகும். ஒவ்வொரு நாளும் தானாகக் கழன்ற செதில்களை மட்டும் தட்டிவிட்டு, கீழே தெரியும் தந்த நிறச் சுளையை மட்டும் எடுங்கள். செதில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அதன் அடியில் உள்ள சுளை இன்னும் பழுக்கவில்லை. கத்தியால் சீவி எடுத்தால் நாக்கு உடனே சொல்லிவிடும். அவசரப்படுகிறவர்கள்தான் ‘இந்தப் பழம் அரிக்கும்’ என்று சொல்லித் திரிகிறார்கள். மிச்சத்தை மறுபடி மூடி வையுங்கள்.

சுளைகளுக்கு இடையே கருப்புப் புள்ளிகள், பூவின் காய்ந்த மிச்சம், ஒட்டியிருக்கும். அவையும் தொண்டையை உறுத்தும். சுளையை முள்கரண்டியால் நடுத்தண்டில் இருந்து பிரித்து, மெல்லிய நீரோட்டத்தில் அலசினால் பெரும்பகுதி போய்விடும். நடுத்தண்டைச் சாப்பிடக் கூடாது.

முதல்முறை சாப்பிடுகிறவர்கள் ஒரே ஒரு சுளையை வாயில் போட்டுவிட்டுச் சற்று நேரம் காத்திருங்கள். நன்கு பழுத்த பழம் கூடச் சிலருக்குத் தோல் தடிப்பையும் வயிற்றுப்போக்கையும் தரும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் ஆக்சலேட் காரணமாகத் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளுக்குப் பெரியவர்கள் சுவைத்துப் பார்த்த பிறகே கொடுங்கள். வாய் எரிந்தால் துப்பிவிட்டு, குளிர்ந்த நீரில் கொப்பளித்து, பாலோ தயிரோ சாப்பிடுங்கள். தொண்டை வீங்கினாலோ மூச்சு திணறினாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாய், பூனை வளர்ப்பவர்கள் செதில் விழுந்த இடத்தைச் சுத்தமாக வைத்திருங்கள், அவற்றின் வாயையும் இது புண்ணாக்கும்.

எடுத்த சுளையை மூடிய டப்பாவில் குளிர்ப்பெட்டியில் வைத்தால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். அப்படியே சாப்பிடுவதுதான் சிறந்தது. கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இனிப்பு எடுப்பாகும். பாலோடு அடித்துக் குடிக்கலாம், சர்க்கரை சேர்த்து ஜாமும் கிண்டலாம். நாளுக்கொரு துண்டாகப் பழுக்கிறது, பறித்தபின் கையாள்வதும் கடினம், ஒரு பழத்துக்கு ஓர் ஆண்டுக்கு மேல் காத்திருப்பு. அதனால்தான் இது பெருஞ்சந்தைப் பயிராகவில்லை. ஏக்கர் கணக்கில் நட்டு லாபம் பார்க்கலாம் என்று யாராவது கன்று விற்க வந்தால் நம்ப வேண்டாம். வீட்டுக்கொடி ஒன்றில் ஆண்டுக்குச் சில பழங்கள் வந்தாலே நல்ல விளைச்சல். வேண்டுகிறவர்கள் இரண்டு, மூன்று கொடிகளாக நடலாம்.

எப்போதாவது சுளைக்குள் பட்டாணி அளவில் வெளிர்பச்சை விதை தட்டுப்படும். அதைக் காயவைத்துச் சேமிக்க முடியாது, உலர்ந்தால் முளைக்காது. சதையைக் கழுவி நீக்கிவிட்டு, அன்றே ஈரமான நார்க்கழிவின் மேல் வைத்து லேசாக மூடி, நிழலில் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முளைத்த நாற்று மெலிந்த தண்டோடு தொட்டியின் இருண்ட பக்கமாகச் சாய்ந்து ஓடினால் அதை நோயென்று நினைத்து வெயிலில் தூக்கி வைக்க வேண்டாம். அந்தப் பக்கமாக ஒரு மரக்கட்டையைச் சாய்த்து வையுங்கள்.